பட்டாணி அளவு சுரப்பியும் நான்கு வாத்தியார்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் வந்தது. 1994-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இப்போது சொந்தமாக லோடு வேன் வைத்து ஓட்டுகிறான். பெயர் வேண்டாம். எழுதுவதற்கு அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சார், தலைக்குள்ள கட்டின்னுட்டாங்க" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும்தான்.

விஷயம் ஒரு வருடமாகவே நடந்துகொண்டிருந்திருக்கிறது. வேனின் சைடு கண்ணாடி இரண்டு முறை சுவரில் உரசி உடைந்திருக்கிறது. இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவன், சந்துக்குள் திருப்பத் தெரியாமல் நிற்கிறானே என்று கூட இருக்கும் பையன் சிரித்திருக்கிறான். இரண்டு தடவை மூக்குக்கண்ணாடி பவர் மாற்றிப் பார்த்திருக்கிறான். மூன்றாவதாகப் போன கண் டாக்டர்தான் ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஓரத்தில் வந்த புள்ளிகள் அவனுக்குத் தெரியவே இல்லை. அடுத்த நாளே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பிட்யூட்டரி சுரப்பியில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி.

"டாக்டர் என்ன சொன்னாருப்பா?"

"சாதாரணக் கட்டிதான், மூக்கு வழியா எடுத்திரலாம்னு சொல்லுதாரு சார். மூளைல இருக்கத மூக்கு வழியா எப்படி சார் எடுப்பாங்க? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுதாரோன்னு இருக்கு. நீங்க நிறையப் படிப்பீயள்லா, சொல்லுங்க. இன்னும் எத்தனை வருஷம்?"

நான் சரித்திர வாத்தியார். டாக்டர் இல்லை. எத்தனை வருஷம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்த நோய் வந்தவர்களுக்கு முன்பு என்ன ஆனது, இப்போது என்ன ஆகிறது என்று தேடிப் பார்ப்பது என் தொழில்தான். மூன்று வாரம் படித்ததை அவனிடம் போனில் தவணை தவணையாகச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். பரீட்சை கிடையாது, வருடங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முதலில் அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மூக்கின் பின்கோடியில், மூளைக்கு அடியில், எலும்பில் ஒரு சின்னக் குழி. குதிரைச் சேணம் போல இருப்பதால் துருக்கிச் சேணம் என்று அதற்குப் பெயர். அதில் பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி. வளர்ச்சி, மாதவிலக்கு, தாய்ப்பால், தைராய்டு, உடம்பின் நெருக்கடிச் சுரப்புகள் எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. அதற்கு நேர் மேலே இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. சுரப்பியில் கட்டி வளர்ந்து மேலே முட்டினால் ஓரப் பார்வைக்கான நரம்பிழைகள்தான் முதலில் நசுங்கும். சைடு கண்ணாடி உடைந்த காரணம் இதுதான்.

பழைய கிரேக்க மருத்துவர் காலன் இதை மூளையின் சளி வடியும் வழி என்று நினைத்தார். லத்தீனில் பிட்யூட்டா என்றால் சளி. பெயர் அங்கிருந்து வந்தது. 1543-ல் உடற்கூறு நூல் போட்ட வெசாலியஸும் அதையே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஷ்னைடர், லோயர் என்ற இருவர் மூளையிலிருந்து மூக்குக்குச் சளி வரவில்லை என்று நிரூபித்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதைக் கபச்சுரப்பி என்பார்கள். காலனின் தப்பு தமிழுக்கும் வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள்.

இந்த நோயாளிகளில் நான் முதலில் சந்தித்தது சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்து இளைஞனை. 1761-ல் பிறந்தவன். உயரம் ஏழரை அடிக்கு மேல். 1782-ல் லண்டனுக்கு வந்து, தன் உயரத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வருபவர்களுக்குக் காட்டிப் பிழைத்தான். மறு வருடம் ஜூன் மாதம் செத்துப்போனான். வயது 22. ஜான் ஹண்டர் என்ற பெரிய அறுவை மருத்துவர் தன் பிணத்துக்குக் கண் வைத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஈயப் பெட்டியில் போட்டுக் கடலில் இறக்கிவிடும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டான். நடக்கவில்லை. ஹண்டர் பணம் கொடுத்து உடலை வாங்கி எலும்புக்கூடாக்கினார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹண்டரின் படத்தில் மூலையில் அந்த எலும்புக்கால்கள் தொங்குவதை இன்றும் பார்க்கலாம். ஹண்டரின் பெருமையெல்லாம் இருக்கட்டும், எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவன் ஏன் அப்படி வளர்ந்தான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நூறு வருடம் கழித்து, 1886-ல், பாரிஸில் பியர் மாரி என்ற மருத்துவர் கை, கால், முகம் எல்லாம் பெருத்துப்போன இரண்டு பெண்களைப் பற்றி எழுதி, நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். அப்புறம்தான் இப்படிப்பட்டவர்களின் பிட்யூட்டரி வீங்கியிருப்பதை ஒவ்வொருவராகக் கவனித்தார்கள். 1909-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மருத்துவர் லண்டனுக்கு வந்து, எலும்புக்கூட்டைப் பராமரித்த ஆர்தர் கீத்திடம் கேட்டு பைர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். சேணக்குழி சாதாரண அளவைவிட மிகப் பெரிதாக விரிந்திருந்தது. செத்து 126 வருடம் கழித்து நோய் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளி அவன்.

இந்த குஷிங்தான் நம் கதையில் முதல் வாத்தியார்.

மூக்கு வழியாகப் போகலாம் என்ற யோசனை அவருடையது இல்லை. 1907-ல் இன்ஸ்புருக் நகரில் ஷ்லோஃபர் என்பவர் ஒரு நோயாளியின் மூக்கையே ஒரு பக்கமாகத் திறந்து மடக்கிக் கட்டியை எடுத்தார். அந்த மனிதர் இரண்டரை மாதம்தான் இருந்தார். 1910-ல் வியன்னாவில் ஆஸ்கர் ஹிர்ஷ் என்ற மூக்கு மருத்துவர், முகத்தில் வெட்டே போடாமல், மரத்துப்போக மருந்து வைத்து, நாசித் துவாரம் வழியாகவே போனார். குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறி அதே இடத்துக்குப் போனார். 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு இப்படிச் செய்திருக்கிறார். நூற்றுக்கு ஐந்தாறு பேர் இறந்தார்கள். பெனிசிலின் இல்லை, ஸ்கேன் இல்லை, விளக்கு என்றால் நெற்றியில் கட்டிய விளக்குதான். அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனை.

ஆனால் 1920-களின் கடைசியில் குஷிங் இந்த வழியைக் கைவிட்டுவிட்டார். மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து போனால் கண் நரம்பு நன்றாகத் தெரிகிறது, கட்டியையும் கூடுதலாக எடுக்க முடிகிறது என்பது அவர் வாதம். தப்பில்லை. ஆனால் குஷிங் விட்டுவிட்டார் என்றதும் உலகமே விட்டுவிட்டது. பெரியவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு, நம் கல்வித்துறையையும் சேர்த்துத்தான். ஹிர்ஷ் மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தார். அவர் யூதர். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் வியன்னாவை விட்டு அமெரிக்காவுக்கு ஓட வேண்டியதாயிற்று.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். நார்மன் டாட். ஸ்காட்லாந்துக்காரர். பொறியியல் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டராக வேண்டும் என்று முடிவெடுத்தவர். 1923-ல் பாஸ்டன் போய் குஷிங்கிடம் ஒரு வருடம் படித்தார். குரு அந்த வழியை இன்னும் கைவிடாத கடைசி வருடங்கள் அவை. எடின்பரோவுக்குத் திரும்பிய டாட், குரு கைவிட்ட பிறகும் அதைக் கைவிடவில்லை. பட்டறையில் வளர்ந்த புத்தி போலும், மூக்குக்குள் விடும் கருவியிலேயே விளக்கைப் பொருத்திக்கொண்டார். 1956 வரையில் தொடர்ந்து 80 பேருக்கு அறுவை செய்து ஒருவரைக்கூட அவர் இழக்கவில்லை.

அந்த 1956-ல் பாரிஸிலிருந்து ஜெரார் கியோ என்பவர் எடின்பரோவுக்கு வந்து டாட் செய்வதைப் பார்த்தார். ஊருக்குப் போய்த் தானும் ஆரம்பித்தார். கருவி எங்கே போகிறது என்பதை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் முறையையும் சேர்த்தார். கியோவிடம் கனடாவிலிருந்து ஜூல்ஸ் ஹார்டி என்ற மாணவர் வந்தார். அவர் மான்ட்ரியலுக்குத் திரும்பி, 1960-களில், அறுவை மைக்ராஸ்கோப்பை வைத்து உள்ளே பார்த்தார். அதுவரை கண்ணுக்கே தெரியாத சில மில்லிமீட்டர் கட்டியை நல்ல சுரப்பியிலிருந்து பிரித்து எடுத்துவிட்டு, சுரப்பியை அப்படியே விட்டுவர முடிந்தது.

குஷிங், டாட், கியோ, ஹார்டி. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, பக்கத்தில் நின்று பார்த்துப் படித்த வரிசை. இன்று உலகம் முழுவதும் பிட்யூட்டரி கட்டிகளைப் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் எடுக்கிறார்கள். 1990-களிலிருந்து எண்டோஸ்கோப்பும் வந்துவிட்டது. நடுவில் அந்த டாட் மட்டும் "குருவே விட்டுவிட்டார், நமக்கென்ன" என்று இருந்திருந்தால் எத்தனை வருடம் தாமதமாகியிருக்குமோ. முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நெஞ்சு அடைத்தது, மறைக்கவில்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு கிளை வந்திருக்கிறது. மான்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை மருத்துவர் இருந்தார். இளம் வயதில் குஷிங்கிடம் பயிற்சி எடுத்தவர். அவரிடம் படித்த ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஆரம்பித்தார். அடுத்த வருடமே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார்.

கத்தி மட்டும் போதவில்லை. சுரப்பியைத் தொட்டால் உடம்பின் நெருக்கடிச் சுரப்பான கார்டிசோல் நின்றுபோகும். அறுவை நன்றாக முடிந்தும் நோயாளி சுருண்டு விழுந்து சாவது இதனால்தான். கார்டிசோன் மருந்துக்கான வேலைக்கு கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950-ல் நோபல் கிடைத்தது. அந்த மருந்து வந்த பிறகு இந்த அறுவையின் தலையெழுத்தே மாறியது. கார்டிசோல் குறைந்தால் ஆபத்து என்றால், கூடினாலும் ஆபத்துதான். குஷிங் 1932-ல் விவரித்த நோய் அதுதான். முகம் உருண்டையாகும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும், எலும்பு நொறுங்கும். 1952-ல் வந்த ஒரு ஆய்வின்படி, அந்த நோயாளிகளில் பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் இறந்துவிட்டார்கள்.

அடுத்தது அளவிடுவது. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவர் நியூயார்க்கில், ரத்தத்தில் தூசி அளவுகூட இல்லாத ஹார்மோனைக் கதிரியக்கத்தால் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை கூட வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1977-ல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் உயிருடன் இல்லை. அந்த முறையை வைத்துத்தான் 1970-71 வாக்கில் ஹென்றி ஃப்ரீசன் போன்றவர்கள், மனிதருக்கும் ப்ரோலாக்டின் என்று தனியாக ஒரு ஹார்மோன் உண்டு என்று காட்டினார்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். அது வரைக்கும் அதை வளர்ச்சி ஹார்மோனிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த இடத்தில் உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெரியக்காவை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1966-ல் கல்யாணம். இரண்டு வருடத்தில் மாதவிலக்கு நின்றது. குழந்தை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். குழந்தை இல்லை. ஆனால் மார்பில் பால் கசிந்தது. ஓயாத தலைவலி. டானிக் கொடுத்தார்கள், கோவில் கோவிலாகக் கூட்டிப்போனோம். மாமியார் வீட்டில் என்ன பேச்சுப் பேசினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. 1971-ல் அத்தான் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார். கடைசி வரை எங்கள் அம்மாவுடனேயே இருந்தாள். வயதான பிறகு நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டே நடப்பாள். கண்புரை என்றோம். அவளுக்கு இருந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. யாரும் ஸ்கேன் எடுத்ததில்லை, ரத்தம் பார்த்ததில்லை. ஆனால் ப்ரோலாக்டின் கட்டியின் அறிகுறிகள் என்று புத்தகத்தில் போட்டிருந்ததைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளை ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவன் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்று அந்த வகைக் கட்டிக்குப் பெரும்பாலும் அறுவையே தேவையில்லை. 1970-களில் புரோமோகிரிப்டின் வந்தது, பிறகு கேபர்கோலின். வாரத்துக்கு இரண்டு முறை சின்ன மாத்திரை. கட்டி சுருங்கும், மாதவிலக்கு திரும்பும், பலருக்குக் குழந்தையும் பிறக்கும். இந்த மருந்துகளின் மூலம் என்ன தெரியுமா? ரை தானியக் கதிரில் வரும் எர்காட் பூஞ்சை. நம் ஊரில் கம்புக்கு வருகிறதே தேன் ஒழுகல் நோய், அதே குடும்பம்.

மறுபடி உயரமானவர்களிடம் வருகிறேன், எத்தனை வருஷம் என்ற கேள்விக்குப் பதில் அவர்களிடம் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் வாட்லோ, பிட்யூட்டரி மிதமிஞ்சி வளர்ந்ததால் 272 சென்டிமீட்டர். 1940 ஜூலையில் கணுக்கால் பட்டை உரசிய கொப்புளம் சீழ் பிடித்து இறந்தார். வயது 22. பைர்னுக்கும் அவருக்கும் நடுவில் 157 வருடம், ஆயுள் ஒரு நாள் நீளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். துருக்கியில் சுல்தான் கோசென், 1982-ல் பிறந்தவர், 251 சென்டிமீட்டர். பிட்யூட்டரி கட்டி. 2010-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் காமா நைஃப் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சையும் மருந்தும் கொடுத்தார்கள். 2012-ல் வளர்ச்சி நின்றது உறுதியானது. ஊன்றுகோலோடுதான் நடக்கிறார், ஆனால் நாற்பதைத் தாண்டிவிட்டார்.

பைர்னின் கதையும் முடிந்துவிடவில்லை. 2011-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் அவன் பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இன்றைய வட அயர்லாந்துக் குடும்பங்களில் இதே நோய் உள்ளவர்களுக்கு இருக்கும் அதே மரபணுப் பிழை அவனுக்கும் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 1500 வருடத்துக்கு முந்தைய ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பங்களில் இப்போது பிள்ளைகளை முன்கூட்டியே பரிசோதிக்க முடிகிறது. 2023-ல் ஹண்டேரியன் மியூசியம் மறுபடி திறந்தபோது அவன் எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கவில்லை. கடலில் இறக்கவும் இல்லை.

நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான். இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் அப்படி மாறும். வேறு காரணத்தால் இறந்தவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒருவருக்காவது தெரியாமலே பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருந்திருக்கிறது. நிறையச் செய்து பழகியவர்கள் கையில் அறுவையின்போது இறப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கண் பெரும்பாலோருக்குத் தேறும், ஆனால் நரம்பு எவ்வளவு நாள் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது. அவனுக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டது, அதை நான் மறைக்கவில்லை.

மற்றதையும் சொன்னேன். மூக்கில் மூளைநீர் கசியலாம், அளவில்லாமல் தாகமும் மூத்திரமும் போகலாம், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. சுரப்பி சோர்ந்துவிட்டால் ஹைட்ரோகார்டிசோனும் தைராய்டு மாத்திரையும் ஆயுளுக்கும் சாப்பிட வேண்டியிருக்கும். அந்த ஹைட்ரோகார்டிசோனை ஒரு நாள்கூடத் தானாக நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டும், சட்டைப்பையில் சீட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டி திரும்ப வளரலாம், அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "எஃப்.சி. காட்டுற மாதிரியா சார்?" என்றான். ஆமாம், வேனுக்குக் காட்டுகிற மாதிரிதான். போன் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தான்.

வருகிற புதன்கிழமை காலை சென்னையில் அறுவை. அவன் மனைவிக்குத் துணையாக நானும் என் வீட்டம்மாவும் திங்கள் சாயங்காலம் பொதிகையில் கிளம்புகிறோம். யாரென்று கண்டுபிடித்துவிட்ட 94 பேட்ச் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிறு வரை அவனுக்கு யாரும் போன் செய்ய வேண்டாம். கொஞ்ச நாளைக்கு மூக்கு சிந்தக் கூடாது, அதிகம் பேசவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வேன் தவணை இந்த மாதம் 5-ம் தேதி. அதைப் பற்றி என்னிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள்.